சென்னைக்கு மணி சொன்ன ஜான் கோல்டிங்ஹாம்

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் துறை மாணவன், பாரிவாக்கம்)



மாணவர் பேரவை மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி கேட்டார்கள். ராமானுஜன், சர் சி.வி.ராமன், அப்துல் கலாம் எல்லாம் நம் மலர்களில் பலமுறை வந்துவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டவர் ஜான் கோல்டிங்ஹாம். 1849-இல் இறந்துபோன ஆங்கிலக் கம்பெனி காலத்து மனிதர். அவருக்கும் டிப்ளமோ படிக்கிற எனக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் எங்க வீட்டிலிருந்து தொடங்குகிறது. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்க அப்பா அம்பத்தூர் பக்கம் ஒரு பட்டறையில் பிரஸ் ஆபரேட்டர். எங்க குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் காலை எட்டு மணி ஷிஃப்டு. மூணு நிமிஷம் வரைக்கும் பரவாயில்லை, அதுக்கு மேல் போனால் அரை நாள் சம்பளம் பிடித்தம். போன வருஷம் ஒருநாள், அவர் போனில் எட்டு அடிக்கும்போது கேட்டுக்குள் நுழைந்துவிட்டார். விரல் வைக்கிற மெஷின் எட்டு மணி நாலு நிமிஷம் என்று காட்டியது. அரை நாள் கூலி போச்சு. போனை எடுத்துக் காட்டினார். போன் பொய் சொல்லும், மெஷின் சொல்லாது என்று சொல்லிவிட்டார்களாம். அன்று ராத்திரி அப்பா சாப்பிடும்போது ஒண்ணுமே பேசவில்லை.

அதனால்தான் புராஜெக்ட் எடுக்கும்போது வருகைப் பதிவேடுதான் செய்வேன் என்று நின்றேன். மைசீக்வல் டேட்டாபேஸ், அதில் ஒரு டேபிள், யார் வந்தார் என்று ஒரு ஃபீல்டு, எப்போது வந்தார் என்று ஒரு ஃபீல்டு. நேரத்துக்கு நவ் என்ற ஃபங்ஷனைப் போட்டேன். முதல் சோதனையிலேயே மாட்டிக்கொண்டேன். நானும் என் நண்பனும் இரண்டு கம்ப்யூட்டரில் அடுத்தடுத்து அழுத்தினோம். இரண்டு பேருக்கும் 10:42:17 என்றே விழுந்தது. யார் முதலில் வந்தது என்று லேப் சார் கேட்டார். டேபிளுக்குத் தெரியவில்லை.

நவ் என்று மட்டும் எழுதினால் முழு விநாடிதான் வரும். நவ்(6) என்று எழுதினால் விநாடிக்குப் பின்னால் ஆறு இலக்கம், அதாவது மைக்ரோ விநாடி வரை வரும். இதைப் படித்து மாற்றினேன். அப்போதும் வரவில்லை! ஃபீல்டு வெறும் டேட்டைம் ஆக இருந்ததால், டேபிளுக்குள் போகும்போது பின்னத்தை முழு விநாடியாக்கிவிட்டது. ஃபீல்டையும் டேட்டைம்(6) ஆக்கிய பிறகுதான் ஆறு இலக்கமும் உட்கார்ந்தது. எனக்கு ஒரே பெருமை.

சார் ஒண்ணும் சொல்லாமல் என் நண்பனின் கம்ப்யூட்டர் பின்னால் போய் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினார். அவனை அழுத்தச் சொன்னார். இரண்டு நிமிஷம் கழித்துக் கேபிளைச் செருகினார். நெட்வொர்க் இல்லாவிட்டால் பதிவைப் பிடித்து வைத்திருந்து பிறகு அனுப்பும்படி நானே புரோகிராம் எழுதியிருந்தேன். ஆகவே பதிவு போய்ச் சேர்ந்தது, நேரமும் விழுந்தது, ஆறு இலக்கத்தோடு. ஆனால் அது அவன் அழுத்திய நேரம் இல்லை. சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம். மைக்ரோ விநாடி வரை எழுதியிருந்த அந்த எண்ணில் இரண்டு நிமிஷம் தப்பு.

பரங்கிமலைப் பீரங்கியின் சத்தம் நுங்கம்பாக்கத்துக்கு வர எத்தனை விநாடி ஆகும் என்று எண்ணிய ஒருத்தர் இருந்தார், அவரைப் பற்றிப் போய்ப் படி என்று சொல்லிவிட்டு சார் போய்விட்டார். அப்படிப் படித்தவரைத்தான் இனி உங்களுக்குச் சொல்கிறேன்.

சர்வே பள்ளியும் வானாய்வுக்கூடமும்

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அன்று பெரிய தலைவலி கப்பல் விபத்து. சோழமண்டலக் கரையில் மணல் திட்டுகள் அதிகம். கப்பல் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால் கரையில் உள்ள ஊர்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் சரியாகத் தெரிய வேண்டும். அதற்கு வானத்தைப் பார்க்க வேண்டும். வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி 1786-இல் தன் சொந்தக் கருவிகளோடு தொடங்கிய கூடத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அதற்குத் தனிக் கட்டடம் எழுந்தது. கட்டியவர் மைக்கேல் டாப்பிங். அவருக்கு உதவியாளராக இருந்தவர் கோல்டிங்ஹாம்.

கருவி ஆடாமல் இருக்க 18 அடி உயரம், சுமார் 10 டன் எடையுள்ள கருங்கல் தூண் ஒன்றை நட்டார்கள். அதில் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். அந்தத் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இருக்கிறது. புயல் நேரத்தில் டிவியில் நாம் பார்க்கிறோமே, அதே வளாகம்தான்.

டாப்பிங் 1794-இல் ஒரு சர்வே பள்ளியும் தொடங்கினார். எட்டே எட்டு மாணவர்கள். அந்தப் பள்ளிதான் வளர்ந்து வளர்ந்து இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. 1796-இல் டாப்பிங் இறந்தார். வானாய்வுக்கூடம், சர்வே பள்ளி இரண்டும் கோல்டிங்ஹாம் பொறுப்புக்கு வந்தன. கையால் கருவியைப் பிடித்து அளக்கச் சொல்லித்தரும் படிப்பு நம் ஊரில் தொடங்கிய காலத்து ஆசிரியர்களில் அவர் ஒருவர். அந்த வகையில் டிப்ளமோ மாணவர்களாகிய நமக்கும் அவர் சொந்தக்காரர்தான்.

அவர் வானம் மட்டும் பார்த்தவர் இல்லை. மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பற்றியும் எலிஃபண்டா குகையைப் பற்றியும் கட்டுரை எழுதினார். ராஜாஜி மண்டபம் என்று நாம் சொல்லும் கட்டடத்தை வடிவமைத்தவரும் அவரே. 1802-இல் அது கவர்னரின் விருந்து மண்டபமாகத் திறக்கப்பட்டது. தலைவர்கள் மறைந்தபோது மக்கள் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்திய அதே படிக்கட்டுகள்!

நேரமே இடம்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. ஒரு பாகைக்கு 4 நிமிஷம். ஆகவே ஒரே கணத்தில் கிரீன்விச்சில் மணி என்ன, சென்னையில் மணி என்ன என்று தெரிந்தால் போதும், சென்னையின் தீர்க்கரேகை தெரிந்துவிடும். நேரத்தில் ஒரு விநாடி தப்பினால் நம் ஊர் அட்சரேகையில் தரையில் சுமார் 450 மீட்டர் தப்பும். அவருக்கு விநாடி என்பது அவ்வளவு பெரிய சமாசாரம்.

சென்னை நேரம் எடுக்க நட்சத்திரங்கள் இருந்தன. ஒரு நட்சத்திரம் தொலைநோக்கியின் நடுக்கம்பியைத் தாண்டும் கணத்தைக் கண்ணால் பார்த்தபடி, கடிகாரத்தின் டிக் ஒலியைக் காதால் எண்ண வேண்டும். இரண்டு டிக்குகளுக்கு நடுவில் எங்கே தாண்டியது என்று பின்னத்தை மனசால் மதிப்பிட வேண்டும். நம் நவ்(6) நொடியில் செய்வதை அவர்கள் கண்ணும் காதும் வைத்துச் செய்தார்கள். சென்னையில் இருந்த ஷெல்டன் கடிகாரம் இப்போது கொடைக்கானல் வானாய்வுக்கூடத்தில் இருக்கிறது.

சரி, கிரீன்விச் நேரத்துக்கு என்ன செய்வது? தந்தி கிடையாது, ரேடியோ கிடையாது. வானத்திலேயே ஒரு கடிகாரம் இருந்தது. வியாழன் கிரகத்தின் முதல் நிலா சுமார் நாற்பத்திரண்டரை மணிக்கு ஒருமுறை வியாழனின் நிழலுக்குள் போய் மறையும். அது எங்கிருந்து பார்த்தாலும் ஒரே கணம். அங்கே எத்தனை மணிக்குப் பார்த்தார்கள், இங்கே எத்தனை மணிக்குப் பார்த்தோம் என்று கழித்தால் வித்தியாசம் கிடைக்கும்.

இப்படிப் பல வருஷம் பார்த்து, சராசரி எடுத்து, 1802-இல் கோல்டிங்ஹாம் சென்னை நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி முன்னால் என்று நிறுவினார். அதே ஆண்டு பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கத் தன் முதல் அடிக்கோட்டை அளந்தார். அந்தப் பெரிய நில அளவைக்குத் தீர்க்கரேகை சென்னை வானாய்வுக்கூடத்திலிருந்துதான் எண்ணப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் ஓடியதும் சென்னை நேரத்தில்தான். 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் ஐந்தரை மணி என்று ஆனது. அன்று சென்னைக் கடிகாரங்கள் ஏறக்குறைய ஒன்பது நிமிஷம் முன்னால் தள்ளப்பட்டன.

இதில் நமக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பாரிவாக்கம் நுங்கம்பாக்கத்துக்கு மேற்கே இருப்பதால் சூரியன் நம் தலைக்கு மேல் வர அங்கேவிட அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல் தாமதமாகும். நேரம் என்றால் ஏதோ ஆகாயத்திலிருந்து வருவது என்று நினைத்திருந்தேன். யாருடைய கடிகாரம், எந்த இடத்துக் கடிகாரம் என்று சொல்லாவிட்டால் அது நேரமே இல்லை என்று இங்கேதான் எனக்குப் புரிந்தது.

பரங்கிமலைப் பீரங்கி

1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் செய்த சோதனைதான் சார் சொன்னது. புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலையும் மாலையும் பீரங்கி வெடிப்பார்கள். நுங்கம்பாக்கத்திலிருந்து கோட்டை நாலு கிலோமீட்டர் சொச்சம், பரங்கிமலை சுமார் ஒன்பது கிலோமீட்டர். வெடிக்கும்போது முதலில் தீ பளிச்சென்று தெரியும். சத்தம் பிறகுதான் வரும். வெளிச்சம் உடனே வருவதாக வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவில் எத்தனை விநாடி என்று கடிகாரம் வைத்து எண்ணினால் ஒலியின் வேகம் கிடைக்கும். பரங்கிமலைச் சத்தம் வர சுமார் 26 விநாடி.

இதை ஒருநாள் செய்துவிட்டு அவர் நிறுத்தவில்லை. மாதக்கணக்காகச் செய்தார். ஒவ்வொரு முறையும் விநாடியோடு கூட வெப்பம், காற்றழுத்தம், ஈரம், காற்று வீசும் திசை எல்லாவற்றையும் எழுதி வைத்தார். குளிர் மாதத்தில் ஒலி மெதுவாகவும் வெயில் மாதத்தில் வேகமாகவும் வருவது அந்த அட்டவணையிலேயே தெரிந்தது. விநாடியை மட்டும் எழுதி வைத்திருந்தால் வித்தியாசம் வந்தபோது கடிகாரத்தைத்தான் திட்டியிருப்பார்கள். 1823-இல் இது லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வெளிவந்தது. அதே காலத்தில் விநாடி ஊசலின் நீளத்தையும் சென்னையில் அளந்தார். ஒரு பக்கம் போய்ச் சேர சரியாக ஒரு விநாடி எடுக்கும் ஊசல் ஏறக்குறைய 99 சென்டிமீட்டர் இருக்கும். விநாடி எவ்வளவு என்பதைக்கூட அவர் சும்மா நம்பிவிடவில்லை பாருங்கள்.

தீ தெரிந்தது ஒரு நேரம். சத்தம் வந்தது ஒரு நேரம். இரண்டையும் எழுதினார். என் டேபிளில் சத்தம் வந்த நேரம் மட்டும்தான் இருந்தது.

தவறிய 15 விநாடி

பெரியவர்களைப் பற்றி எழுதினால் புகழ்ந்துகொண்டே போவது நம் வழக்கம். ஆனால் கோல்டிங்ஹாம் தவறினார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் சொன்ன 5:21:14-ஐத் தீர்க்கரேகையாக மாற்றினால் 80 பாகை 18 கலை 30 விகலை வரும். வானாய்வுக்கூடம் உண்மையில் இருந்தது 80 பாகை 15 கலைக்குச் சற்று குறைவான இடத்தில். இன்றைய வரைபடத்தில் அவர் எண்ணைக் குறித்துப் பார்த்தேன். மெரினாவுக்கு அப்பால் கடலுக்குள் விழுகிறது! நேரத்தில் சுமார் 15 விநாடி. தரையில் ஆறரை கிலோமீட்டருக்கு மேல்.

ஏன் இப்படி? வியாழனின் நிலா விளக்கு அணைத்தாற்போல் மறைவதில்லை. மெல்ல மெல்ல மங்கும். எந்தக் கணத்தில் மறைந்தது என்பது தொலைநோக்கியின் சக்தி, காற்றின் தெளிவு, பார்ப்பவரின் கண் இவற்றைப் பொறுத்தது. அவர் கடிகாரத்தில் விநாடி தெளிவாகவே இருந்தது. பார்த்த நிகழ்ச்சிதான் தெளிவாக இல்லை. பின்னாளில் தந்திக் கம்பி வழியே இரண்டு ஊர்க் கடிகாரங்களை ஒப்பிடும் வசதி வந்த பிறகுதான் இது சரியானது. நில அளவைப் படங்களின் தீர்க்கரேகைகளுக்கும் திருத்தம் சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் ஒன்று. அவர் எந்த முறையில், எந்த நாளில், எந்தக் கருவியில் பார்த்தார் என்பதை எல்லாம் எழுதி வைத்திருந்ததால்தான் பின்னால் வந்தவர்கள் எவ்வளவு தப்பு என்று கண்டுபிடித்துத் திருத்த முடிந்தது. எழுதி வைக்காத தப்பை யாராலும் திருத்த முடியாது.

நடுவில் சில ஆண்டுகள் தவிர 1830 வரை அவர் இந்தப் பணியில் இருந்து, ஊர் திரும்பி, வொர்செஸ்டரில் காலமானார். நுங்கம்பாக்கத்து வானாய்வு வேலை 1899-இல் கொடைக்கானலுக்கு மாறியது.

நம் டேபிளில் என்ன செய்யலாம்?

அவர் வாழ்க்கையைப் படித்துவிட்டு என் டேபிளை மறுபடி திறந்தேன். அழுத்திய நேரத்துக்கு ஒரு ஃபீல்டு, சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்துக்கு ஒரு ஃபீல்டு என்று இரண்டாக்கினேன். இரண்டும் டேட்டைம்(6). எந்த மெஷினில் அழுத்தியது, அந்த மெஷின் கடிகாரம் கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது, எத்தனை விநாடி விலகியிருந்தது என்பதற்கும் ஃபீல்டு போட்டேன். லேப் கம்ப்யூட்டர்களின் கடிகாரங்களை நெட்வொர்க் நேர சர்வரோடு சேர்த்தேன். நம் நாட்டுக்கு நேரம் காப்பது புது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அணுக் கடிகாரங்கள். சேர்ப்பதற்கு முன் பார்த்தபோது எங்கள் லேபிலேயே இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு 40 விநாடி வித்தியாசம் இருந்தது. ஆறு இலக்கம் அச்சடித்துக்கொண்டே 40 விநாடி தப்பு!

புராஜெக்ட் செய்யும் நண்பர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். மைசீக்வலில் நவ் என்பது அந்த ஸ்டேட்மென்ட் தொடங்கிய நேரத்தைத் தரும். அது ஓடிக்கொண்டிருக்கும்போது எத்தனை தடவை கேட்டாலும் அதே நேரம்தான். கேட்கும் கணத்து நேரம் வேண்டுமானால் சிஸ்டேட்(6) போட வேண்டும். போஸ்ட்கிரஸில் நவ் என்பது டிரான்ஸாக்ஷன் தொடங்கிய நேரம். அந்தக் கணத்துக்கு கிளாக் டைம்ஸ்டாம்ப் என்ற ஃபங்ஷன். ஆரக்கிளில் சிஸ்டேட் முழு விநாடியோடு நிற்கும், சிஸ்டைம்ஸ்டாம்ப் பின்னமும் தரும். ஒரே பெயர் இரண்டு இடத்தில் இரண்டு பொருள்! மைக்ரோ விநாடி போட்டாலும் இரண்டு பதிவுகள் ஒரே எண்ணில் விழ வாய்ப்பு உண்டு. ஆகவே வரிசை முக்கியம் என்றால் தானாக ஏறும் வரிசை எண் ஒன்றையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக

ஒருநாள் அப்பாவிடம் ஒரு வேலை சொன்னேன். மெஷினில் விரல் வைக்கும்போது அது காட்டும் நேரத்தையும் தன் போன் காட்டும் நேரத்தையும் ஒரு சின்ன நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவரச் சொன்னேன். அதெல்லாம் எதுக்குடா, இருக்கிற வேலையும் போயிடும் என்று பயந்தார். பிறகு எழுதினார். பன்னிரண்டு நாள். பன்னிரண்டு நாளும் மெஷின் நாலு நிமிஷம் முன்னால் இருந்தது. பத்தாவதைக்கூடத் தாண்டாத எங்க அப்பா, பரங்கிமலைப் பீரங்கிக்கு அட்டவணை போட்ட மாதிரியே ஒரு அட்டவணை போட்டுவிட்டார்.

அந்த நோட்டைச் சூப்பர்வைசரிடம் காட்டினார். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு மெஷின் கடிகாரத்தைச் சரிசெய்யச் சொன்னாராம். அரை நாள் சம்பளம் மட்டும் திரும்பி வரவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்த கேட்டில் யாருக்கும் அப்படிப் பிடித்தம் நடக்கவில்லை என்று அப்பா சொல்கிறார்.

நண்பர்களே, நாளைக்கு நம்மில் பலர் இப்படிப்பட்ட மெஷினுக்குப் புரோகிராம் எழுதப் போகிறோம். நாம் போடும் ஒரு ஃபீல்டில் யாரோ ஒருவருடைய அரை நாள் கூலி இருக்கும். விநாடிக்குப் பின்னால் இலக்கம் கூட்டுவதற்கு முன், அது யாருடைய கடிகாரம், எங்கே எடுத்த நேரம் என்று ஒரு முறை கேட்டுக்கொள்வோம். நுங்கம்பாக்கம் பக்கம் போனால் அந்தக் கருங்கல் தூணையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.